கொக்கி இல்லாத எழுத்து

புனேயிலிருந்து லோணாவளா செல்லும் லோக்கல் ரயிலுக்காகத் தாபோடி நடைமேடையில் நிற்கும் யாரை எடுத்துக்கொண்டாலும், அவருடைய எலும்பு மஜ்ஜை விநாடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களை இரத்தத்தில் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சிவப்பணுவும் பலமுறை பிரிந்து வந்த தாய்ச் செல்களின் வழித்தோன்றல். அந்தத் தாய்ச் செல் இரண்டாகப் பிரியுமுன் தன் கருவிலுள்ள டிஎன்ஏவின் சுமார் 640 கோடி எழுத்துகளையும் முழுமையாகப் படியெடுத்தாக வேண்டும். ஒரு பகுதி விடுபட்டாலும் ஆபத்து, ஒரு பகுதி இருமுறை படியெடுக்கப்பட்டாலும் ஆபத்து. நீட்டி அளந்தால் இரண்டு மீட்டர் வரும் டிஎன்ஏ, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத கருவுக்குள் சுருண்டபடியே சுமார் எட்டு மணி நேரத்தில் இந்த வேலையை முடித்துக்கொள்கிறது.

தாபோடிக்கு அடுத்த நிலையம் காசர்வாடி. அங்கே நாசிக் சாலையில் திரும்பினால் போசரி தொழிற்பேட்டை வரும். தொழிற்கூடங்களுக்கு நடுவே, ஜி பிளாக்கில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1992-இல் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் தொடங்கிய ஆய்வகம் இருக்கிறது. மஜ்ஜையில் நடக்கும் படியெடுப்புக்கும் போசரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராயப்படும் நோய்க்கும் அடியில் ஒரே வேதியியல் இருக்கிறது. சர்க்கரை மூலக்கூறு ஒன்றின் மூன்றாவது கார்பனில் ஒட்டியிருக்கும் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும்தான் அது. நம் மரபுச்செய்தி பிழையின்றிக் கைமாறுவதும், எச்.ஐ.வி. கிருமியை மாத்திரையால் தடுத்து நிறுத்த முடிவதும் அந்த இரண்டு அணுக்களைச் சார்ந்தவை.

இதை விளங்கிக்கொள்ள 1953-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் வாட்சனும் கிரிக்கும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சிறு கட்டுரை, ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் எக்ஸ்-கதிர்ப் படங்களின் துணையோடு டிஎன்ஏவின் இரட்டைச் சுருளை முன்வைத்தது. அதன் எழுத்துகளில் அடினைனுக்கு எதிரே தைமின், குவானைனுக்கு எதிரே சைட்டோசின். இழைகளைப் பிரித்தால் ஒவ்வொன்றும் தன் எதிர் இழை எப்படி இருக்க வேண்டும் என்று தானே சொல்லிவிடும். அவர்கள் இதைக் கட்டுரையின் இறுதியில் ஒரே வாக்கியத்தில் குறிப்பாகச் சொன்னார்கள். குறிப்பு நிரூபணமாவதற்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன.

கலிஃபோர்னியாவில் மெசல்சனும் ஸ்டாலும் ஈ.கோலை பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன்-15 கலந்த ஊட்டத்தில் பல தலைமுறைகள் வளர்த்தார்கள். பிறகு சாதாரண நைட்ரஜன்-14 ஊட்டத்துக்கு மாற்றினார்கள். ஒரு தலைமுறை கழிந்ததும் டிஎன்ஏ முழுவதும் இடைப்பட்ட எடையில் இருந்தது. இரண்டாம் தலைமுறையில் பாதி இடைப்பட்ட எடை, பாதி இலகுவான எடை. ஒவ்வொரு புது இரட்டைச் சுருளிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. 1958-இல் வெளிவந்த இந்தச் சோதனை கேள்வியை எழுப்பிய விதத்திலேயே விடையையும் தெளிவாக்கியது. உயிரியலில் இவ்வளவு சுத்தமான சோதனைகள் குறைவு.

எழுத்துகளைக் கோப்பது யார் என்பது அடுத்த கேள்வி. செயின்ட் லூயிஸில் ஆர்தர் கோர்ன்பெர்க் 1950-களின் நடுவில் ஈ.கோலையிலிருந்து டிஎன்ஏ பாலிமரேஸ் என்ற நொதியைப் பிரித்தெடுத்தார். 1959-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அந்த நொதிக்கு இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. வெறுமையிலிருந்து தொடங்காது, ஏற்கெனவே இருக்கும் ஒரு துண்டை நீட்டிக்க மட்டுமே செய்யும். நீட்டிப்பதும் ஒரே முனையில்தான்.

காரணம் நான் மேலே சொன்ன இரண்டு அணுக்கள். டிஎன்ஏவின் ஒவ்வொரு எழுத்தும் ஒரு சர்க்கரை, ஒரு பாஸ்பேட், ஒரு காரம் ஆகியவற்றால் ஆனது. சர்க்கரையின் மூன்றாவது கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதி நீட்டிக்கொண்டிருக்கிறது. கோப்புக்குக் காத்திருக்கும் எழுத்து மூன்று பாஸ்பேட்டுகளோடு வரும். வளரும் இழையின் கடைசி எழுத்திலுள்ள ஹைட்ராக்சிலின் ஆக்சிஜன், வரும் எழுத்தின் முதல் பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்கிறது. மற்ற இரண்டு பாஸ்பேட்டுகள் பிரிந்துபோக, அதில் விடுபடும் ஆற்றல் பிணைப்பை உறுதியாக்குகிறது. தாபோடி வழியாகப் போகும் ரயிலின் கடைசிப் பெட்டியில் உள்ள கொக்கியோடுதான் அடுத்த பெட்டியைப் பூட்ட முடியும். பூட்டிய பெட்டி தன் பின்னால் ஒரு கொக்கியைக் கொண்டுவந்தால்தான் அதற்கடுத்த பெட்டி சேரும். டிஎன்ஏவின் கொக்கி அந்த ஹைட்ராக்சில். இனி அதைக் கொக்கி என்றே சொல்கிறேன்.

இரட்டைச் சுருளின் இழைகள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. சுருளைப் பிரித்துக்கொண்டே போகும்போது ஓர் இழையின் எதிரே புது இழை தடையின்றி நீளும். மற்றதன் எதிரே, கொக்கி தவறான பக்கம் பார்த்து நிற்கும். இந்தச் சிக்கலை உயிர் எப்படிக் கடக்கிறது என்பதை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் ரெய்ஜி ஒக்காசாகியும் அவருடைய மனைவி த்சுனெகோ ஒக்காசாகியும் 1960-களின் இறுதியில் கண்டுபிடித்தார்கள். அந்த இழை சிறுசிறு துண்டுகளாகப் பின்னோக்கி எழுதப்பட்டுப் பிறகு ஒட்டப்படுகிறது. பாக்டீரியாவில் துண்டு ஒன்று ஆயிரம், இரண்டாயிரம் எழுத்து நீளம். நம் செல்களில் நூறு, இருநூறு. ஒவ்வொரு துண்டும் தொடங்க ஒரு சிறிய ஆர்என்ஏ இழை தேவைப்படுகிறது. அதுதான் முதல் கொக்கியைத் தருகிறது. பிறகு அந்த ஆர்என்ஏ நீக்கப்பட்டு இடைவெளி நிரப்பப்படுகிறது, லைகேஸ் என்ற நொதி விளிம்புகளைச் சேர்க்கிறது.

ரெய்ஜி ஒக்காசாகி ஹிரோஷிமாக்காரர். சிறுவயதில் அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975-இல், 44 வயதில், இரத்தப் புற்றுநோயில் இறந்தார். மஜ்ஜைச் செல்கள் கட்டுப்பாடில்லாமல் படியெடுத்துப் பெருகும் நோய் அது. த்சுனெகோ ஆய்வைத் தொடர்ந்து, துண்டுகளின் தொடக்கத்தில் ஆர்என்ஏ இருப்பதை உறுதிப்படுத்தினார். பாடநூல்கள் 'ஒக்காசாகி துண்டுகள்' என்ற பெயரோடு நகர்ந்துவிடுகின்றன. அந்தப் பெயருக்குள் இருவர் இருப்பதை மாணவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? இருபக்கமும் நீட்டக்கூடிய நொதி ஒன்று உருவாகியிருந்தால் துண்டும் ஒட்டும் தேவைப்பட்டிருக்காதே. விடை பிழைதிருத்தத்தில் இருக்கிறது. பாலிமரேஸ் ஏறத்தாழ லட்சம் எழுத்துக்கு ஒன்றைத் தவறாகக் கோக்கிறது. தவறு நேர்ந்தவுடன் பெரும்பாலும் அதே நொதியின் இன்னொரு பகுதி அந்த எழுத்தை வெட்டி எறிகிறது. வெட்டியபின் அதற்கு முந்தைய எழுத்தின் கொக்கி பழையபடி வெளியே தெரியும். சரியான எழுத்து தன் மூன்று பாஸ்பேட்டோடு வந்து பூட்டிக்கொள்ளும். எதிர்த் திசையில் வளர்ந்திருந்தால், இணைப்புக்கான ஆற்றல் இழையின் முனையிலேயே இருந்திருக்கும். தவறான எழுத்தை வெட்டும்போது அதுவும் போயிருக்கும், வளர்ச்சி அங்கேயே நின்றிருக்கும். அலங்கோலமாகத் தோன்றும் துண்டு வேலை, திருத்திக்கொள்ளும் உரிமைக்கு உயிர் கொடுத்த விலை. டிஎன்ஏ படியெடுப்பில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

இந்தத் திருத்தம் பிழையை நூறில் ஒரு பங்காகக் குறைக்கிறது. அதையும் தாண்டித் தப்பியவற்றைப் பொருந்தாமை திருத்தும் புரதங்கள் பின்னால் வந்து பிடிக்கின்றன. பால் மோட்ரிச் இதற்காக 2015-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கடைசியில் மிஞ்சுவது சுமார் நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழை. 640 கோடி எழுத்துகளைப் படியெடுக்கும் ஒரு செல்லில் சில பிழைகள், அவ்வளவுதான். இந்தத் திருத்தும் புரதங்கள் பிறவியிலேயே பழுதான குடும்பங்களில் பெருங்குடல் புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக வருகிறது.

இப்போது போசரிக்கு வருவோம். எச்.ஐ.வி. கிருமியின் மரபுச்செய்தி ஆர்என்ஏவில் இருக்கிறது, நீளம் 9,700 எழுத்துகளை ஒட்டியது. அது நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சிடி4 செல்லுக்குள் நுழைந்ததும் அந்த ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதுகிறது. ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ எழுதும் நொதி இருப்பதை 1970-இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே காட்டினார்கள். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற அந்த நொதிக்கும் கொக்கி வேண்டும், அதுவும் ஒரே திசையில்தான் எழுதும். ஆனால் அதனிடம் வெட்டித் திருத்தும் பகுதி கிடையாது. உடலுக்குள் மூன்று புது நகல்கள் உருவானால் அவற்றில் ஏறத்தாழ ஒன்றிலாவது ஒரு பிழை இருக்கும். சிகிச்சை பெறாத ஒருவரின் உடலில் ஒரு நாளில் உருவாகும் கிருமிகள் ஆயிரம் கோடி வரை. சாத்தியமான ஒவ்வோர் ஒற்றை எழுத்துப் பிழையும் ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு கிருமியில் எழுதப்பட்டுவிடுகிறது.

இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், பாலியல் தொழிலாளிகளிடம் இரத்த மாதிரிகள் சேகரித்தார். சென்னையில் சோதிக்க வசதி இல்லை. பிரித்த சீரத்தைத் தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, பனிக்கட்டிப் பெட்டியில் எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். ஆறு மாதிரிகள், கிருமி இருப்பதன் அடையாளமாக, மஞ்சளாயின. இந்தியாவில் அந்த நோய் இல்லை என்று நாடு நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த இளம் மருத்துவரின் உழைப்புக்கு உரிய இடத்தை நம் அறிவியல் வரலாறு இன்னும் தரவில்லை என்றே நினைக்கிறேன்.

புனேயில் எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் வந்த பிறகு, அதன் ஆய்வாளர் ராமன் கங்காகேட்கரும் சக ஆய்வாளர்களும் புனேயின் பால்வினை நோய் மருத்துவமனைகளுக்கு வந்த பெண்களைப் பரிசோதித்தார்கள். 1997-இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வந்த முடிவு பலரை உலுக்கியது. பாலியல் தொழிலில் இல்லாத பெண்களில் 13.6 சதவீதம் பேருக்குக் கிருமி இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாதவர்கள். நோயை ஒழுக்கத்தின் தண்டனையாகப் பார்த்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

மருந்தின் கதை வேறு இடத்தில், வேறு நோக்கத்தோடு தொடங்கியது. 1964-இல் டெட்ராய்ட்டில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்ற வேதியியலாளர் புற்றுநோய்ச் செல்களின் படியெடுப்பை நிறுத்த ஒரு போலி எழுத்தைத் தயாரித்தார். தைமின் எழுத்தைப் போலவே இருக்கும், ஆனால் மூன்றாவது கார்பனில் ஹைட்ராக்சிலுக்குப் பதில் மூன்று நைட்ரஜன்கள் கொண்ட அசைடு தொகுதி. நொதி அதை உண்மை எழுத்து என்று நம்பிக் கோத்துவிடும். கோத்தபின் அடுத்த எழுத்தைப் பூட்டக் கொக்கி இருக்காது. இழை அங்கேயே முடிந்துவிடும். அருமையான எண்ணம், எலிகளின் இரத்தப் புற்றில் வேலை செய்யவில்லை. மருந்து கிடப்பில் போடப்பட்டது. 1985-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹிரோஆகி மித்சுயாவும் சாமுவேல் ப்ரோடரும் பரோஸ் வெல்கம் நிறுவனத்தோடு சேர்ந்து அதை எச்.ஐ.வி.க்கு எதிராகச் சோதித்தார்கள். கிருமியின் நொதி அந்தப் போலியில் எளிதாக ஏமாந்தது. 1987 மார்ச்சில் ஜிடோவுடின் என்ற பெயரில் அது முதல் எச்.ஐ.வி. மருந்தானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டாலர் விலை.

நம் செல்கள் ஏன் ஏமாறவில்லை? ஏமாறுகின்றன, குறைவாக. நம் கருவிலுள்ள பாலிமரேஸ்கள் எழுத்தின் சர்க்கரையை இன்னும் கவனமாகத் தேர்கின்றன, தவறாகக் கோத்ததை வெட்டவும் தெரிந்தவை. இருந்தாலும் ஓயாமல் பிரியும் மஜ்ஜைச் செல்கள் ஜிடோவுடினின் சுமையை உணர்கின்றன. இரத்தசோகை வரலாம். அதனால்தான் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்த பிறகே மருத்துவர்கள் அதை எழுதுகிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் பாலிமரேஸ் இன்னும் எளிதில் ஏமாறுவது. ஸ்டாவுடின் என்ற இன்னொரு கொக்கியற்ற எழுத்து அதைக் கெடுத்து, கை கால் நரம்புகளை எரியவைத்து, முகத்தின் கொழுப்பைக் கரைத்தது. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாக விட்டுவிடச் சொன்னது.

ஜிடோவுடின் மட்டும் கொடுத்தபோது சில மாதங்களில் பலன் தேய்ந்தது. 1989-லேயே எதிர்ப்புப் பெற்ற கிருமிகள் பதிவாயின. பிழைதிருத்தம் இல்லாத நொதிக்கு இது இயல்பு. லாமிவுடின் என்ற மருந்துக்குத் தப்ப, கிருமியின் நொதிக்கான மரபுச்செய்தியில் 184-ஆம் இடத்திலுள்ள ஏடிஜி என்ற மூவெழுத்து ஜிடிஜி என்று மாறினால் போதும், ஒரே எழுத்து. அப்படியொரு கிருமி சிகிச்சைக்கு முன்பே உடலில் இருந்திருக்கும். ஆனால் ஒரே நகலில் மூன்று மருந்துகளுக்கும் தப்பும் பிழைகள் ஒருசேர விழுவது மிக அரிது. 1996 முதல் மும்மருந்துச் சிகிச்சை வெற்றி பெற்றது இந்த எளிய பெருக்கல் கணக்கால்தான். மாத்திரையை ஒருநாள்கூடத் தவறவிடாதீர்கள் என்று ஏஆர்டி எனப்படும் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் ஆலோசகர் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதே கணக்கை வைத்துத்தான். மருந்தின் அளவு இரத்தத்தில் தாழும் நாட்களில் கிருமி படியெடுக்கிறது, படியெடுத்தால் பிழை விடுகிறது, அந்தப் பிழைகளில் ஒன்று மருந்தை வென்றுவிடும்.

விலையை உடைத்தது இந்தியா. 1970-இன் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, தயாரிப்பு முறைக்கு மட்டுமே தந்தது. புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் வளர்ந்து, பின்னர் ஹைதராபாத்தின் இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்ற ஏ. வி. ராமா ராவ் ஜிடோவுடினைத் தயாரிக்கும் முறையை உருவாக்கினார். சிப்லா மருந்து நிறுவனம் அதை உற்பத்தி செய்தது. 2001 பிப்ரவரியில் சிப்லாவின் யூசுப் ஹமீது மும்மருந்துச் சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்கு, அதாவது நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குத் தர முன்வந்தார். ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்கள் அந்த அறிவிப்பால் பிழைத்தன. இந்திய அரசு தன் மக்களுக்கு இலவசமாகத் தரத் தொடங்கியது 2004 ஏப்ரலில்தான். இந்தியாவில் தயாரான மருந்து வெளியூர் போய்ச் சேர்ந்த வேகத்தில் உள்ளூர் நோயாளியைச் சேரவில்லை என்பது வருத்தமான உண்மை.

சிகிச்சை பெறுகிறவரிடமிருந்து துணைக்குக் கிருமி பரவுமா என்ற கேள்விக்கு விடை தந்த பன்னாட்டு ஆய்வில் புனேக்கும் சென்னைக்கும் பங்கு உண்டு. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகள். புனேயில் எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனமும், சென்னையில் சுனிதி சாலமன் 1993-இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பும் களங்கள். உடனே சிகிச்சை தொடங்கியவர்களிடமிருந்து பரவல் 96 சதவீதம் குறைந்ததாக 2011-இல் வெளியான முடிவு, உலகின் சிகிச்சைக் கொள்கையை மாற்றியது. படியெடுப்பை நிறுத்தினால் பரவலும் நிற்கிறது.

சிகிச்சை வேலை செய்கிறதா என்று அறியும் கிருமிச்சுமைச் சோதனையும் படியெடுப்பே. இரத்தத்திலுள்ள கிருமியின் ஆர்என்ஏவை முதலில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் வகை நொதியைக் கொண்டே டிஎன்ஏவாக்கி, பிசிஆர் முறையில் பெருக்கி எண்ணுகிறார்கள். கிருமியிடமிருந்து கற்ற கருவி கிருமியை எண்ணப் பயன்படுகிறது. பிசிஆரின் பெருமை 1983-இல் அதை உருவாக்கிய கேரி மல்லிஸைச் சேர்ந்தது. ஆனால் இருபக்கமும் தொடக்கத் துண்டு வைத்து டிஎன்ஏவைத் திரும்பத் திரும்பப் படியெடுக்கும் எண்ணத்தை 1971-லேயே ஹர் கோவிந்த் கொரானாவின் ஆய்வகத்தில் ஷெல் கிளெப்பே எழுதியிருந்தார். மருந்து எதிர்ப்பு எந்த எழுத்தில் வந்தது என்று படிக்க உதவும் சாங்கர் முறை, 1977-இல் பிறந்தது, அதுவும் கொக்கி இல்லாத எழுத்துகளை வைத்துத்தான். இழை நிற்கும் ஒவ்வோர் இடமும் அங்குள்ள எழுத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

இன்று அரசு மையங்களில் தரப்படும் ஒரே மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என மூன்று மருந்துகள். முதலிரண்டும் கொக்கியற்ற எழுத்துகள். 1964-இன் எண்ணம் அப்படியே தொடர்கிறது. மூன்றாவது, எழுதி முடித்த கிருமியின் டிஎன்ஏ நம் குரோமோசோமுக்குள் செருகப்படுவதைத் தடுக்கிறது. இதை ஒழுங்காக உட்கொள்பவரின் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குத் தாழ்கிறது. சராசரி ஆயுள் வாழ முடிகிறது.

மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் கிருமி திரும்பிவிடுகிறது. ஏன் என்பதுதான் இன்றைய ஆராய்ச்சியின் மையம். மருந்து தொடங்குமுன்பே கிருமியின் டிஎன்ஏ நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சில நினைவுச் செல்களின் குரோமோசோமில் செருகப்பட்டு அமைதியாக இருக்கும். அது ஆர்என்ஏவை எழுதாதவரை மருந்துக்கு அங்கே வேலை இல்லை. அப்படிப்பட்ட செல்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைய சுமார் 44 மாதங்கள் ஆகின்றன. இந்த வேகத்தில் எல்லாம் அழிய எழுபது ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். 2014-இல் வெளியான ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. நினைவுச் செல் தன் வழக்கமான வேலையாகப் பிரியும்போது, அதனுள் செருகப்பட்ட கிருமியும் சேர்ந்து படியெடுக்கப்படுகிறது. இந்த முறை படியெடுப்பது கிருமியின் பிழை விடும் நொதி அல்ல. வெட்டித் திருத்தவும் பொருந்தாமையைப் பிடிக்கவும் தெரிந்த நம் சொந்தப் பாலிமரேஸ். நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழை என்ற அதே கவனத்தோடு, அசல் கொக்கிகளோடு, அது கிருமியின் 9,700 எழுத்துகளையும் மகள் செல்லுக்குக் கொடுக்கிறது. கொக்கியற்ற எழுத்துகளால் அதைத் தடுக்க முடியாது. தடுக்க முயன்றால் மஜ்ஜையும் குடலும் தோலும் நின்றுபோகும். அந்தச் செல்களை மட்டும் தேடி எழுப்பி அழிப்பதா, செருகப்பட்ட டிஎன்ஏவை வெட்டி எடுப்பதா, நிரந்தரமாக உறங்கவைப்பதா என்று உலக ஆய்வகங்கள் மூன்று பாதைகளிலும் முயன்றுகொண்டிருக்கின்றன. அதுவரை நாளுக்கு ஒரு மாத்திரை.